கூட்டமாகப் போன கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த கான்வாய்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சரக்குக் கப்பல்களை நாற்பது ஐம்பதாகச் சேர்த்து, சில போர்க்கப்பல்களைக் காவலுக்கு விட்டு, ஒன்றாகக் கடல் கடக்க வைப்பதுதான் கான்வாய். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சரக்குக் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. இந்த மாதம் முழுப் பகுதியும் அதற்கே.

ஐம்பது கப்பல் ஐம்பது வழியில் போனால் எதிரிக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் மொத்தமாக மாட்டிக்கொள்ளாதா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உங்களுக்கு வந்த இதே சந்தேகம் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்கும் இருந்தது, அம்மா. அதற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. 1917 ஏப்ரலில், பிரிட்டனை விட்டுப் பெருங்கடலுக்குப் புறப்பட்ட நான்கு கப்பல்களில் ஒன்று திரும்பி வரவில்லை. அப்படியே போனால் சில மாதங்களில் நாட்டில் உணவு தீர்ந்துவிடும் என்ற நிலை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நல்ல வெளிச்சத்தில் ஒரு கப்பலைச் சுமார் பத்து மைல் தொலைவிலிருந்து பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தனியே போகும் ஒவ்வொரு கப்பலையும் சுற்றிப் பத்து மைல் ஆரமுள்ள ஒரு வட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. அந்த வட்டத்துக்குள் நீர்மூழ்கி எங்கே இருந்தாலும் அதன் கண்ணில் கப்பல் படும். ஐம்பது கப்பல் தனித்தனியே போனால் கடலில் ஐம்பது வட்டம். அதே ஐம்பதும் ஐந்து மைல் அகலத்தில் சேர்ந்து போனால் ஒரே வட்டம், ஆரம் பன்னிரண்டோ பதின்மூன்றோ மைல். மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். நாள்கணக்கில் சுற்றினாலும் நீர்மூழ்கிக்கு ஒன்றும் அகப்படாது. அப்படியே அகப்பட்டாலும் அதனிடம் இருக்கும் டார்ப்பிடோ, அதாவது நீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு, கொஞ்சம்தான். ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை யூ-போட்டில் (ஜெர்மன் நீர்மூழ்கிக்கு அதுதான் பெயர்) மொத்தம் பதினான்கு. ஒரு தடவை சுட்டதும் காவல் கப்பல்கள் துரத்தும், மூழ்கித்தான் ஆகவேண்டும். அது தலைநிமிர்வதற்குள் கான்வாய் போய்விடும்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் கடற்படைக்குப் பிடிபடவில்லை? ஒரு தவறான புள்ளிவிவரம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வாரத்துக்கு 2,500 கப்பல் வருகிறது, 2,500 போகிறது என்று அரசு வெளியிட்டுவந்தது. நட்டம் பெரிதில்லை என்று உலகுக்குக் காட்டுவதற்கான எண் அது. கரையோரமாக ஊருக்கு ஊர் போய்வரும் சின்னப் படகு வரை அதில் சேர்த்தி. வாரம் ஐயாயிரம் கப்பலுக்குக் காவல் போட ஏது இத்தனை டெஸ்ட்ராயர் (வேகமான காவல் போர்க்கப்பல்) என்று அதிகாரிகள் கையை விரித்தார்கள். ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற கமாண்டர் கப்பல் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து உண்மையான கணக்கை எடுத்தார். பெருங்கடல் தாண்டி வரும் கப்பல் வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான்! ஒரு நாளைக்கு இருபது. அந்த மே மாதம் 10-ஆம் தேதி ஜிப்ரால்டரிலிருந்து சோதனைக் கான்வாய் கிளம்பியது. ஒரு கப்பலைக்கூட இழக்காமல் வந்து சேர்ந்தது.

இரண்டாம் போரில் பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். கான்வாயில் கப்பல்களை இரட்டிப்பாக்கினால் அதன் சுற்றளவு இரட்டிப்பாவதில்லை. காவல் நிற்பது சுற்றளவில்தானே? ஆகவே பெரிய கான்வாயே பாதுகாப்பானது என்று பழைய பதிவேடுகளை வைத்து அவருடைய குழு காட்டியது. 1944 ஜூலையில் எச்.எக்ஸ். 300 என்ற கான்வாய் 160-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. இழப்பு பூஜ்யம். அதற்குள் யூ-போட்களின் கை இறங்கிவிட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கலைத்துவிட்டால் என்ன ஆகும்? 1942 ஜூலை 4 அன்று, ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்த பி.க்யூ. 17 கான்வாயைக் கலைந்து போகச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும் போர்க்கப்பல் வருகிறது என்ற பயம். அது அந்தக் கப்பல்களின் பக்கமே வரவில்லை. தனித்தனியாகச் சிதறியவற்றை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாகப் பிடித்தன. கிளம்பிய 35 கப்பல்களில் 24 போயின.

நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் கப்பலைவிட வேகமாகப் போகுமா?
(பள்ளி மாணவன், வேலூர்)

அந்தக் காலத்தில் போகாது, தம்பி. தண்ணீருக்குள் பேட்டரியில் ஓட்டம். முழு வேகம் ஏழு நாட் சொச்சம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மெதுவான கான்வாயே ஏழு நாட்டில் போகும். ஆனால் மேலே மிதந்து டீசலில் ஓடினால் பதினேழு நாட். அதனால் யூ-போட்கள் பகலில் தொலைவிலேயே தொடர்ந்து வந்து, கான்வாய் இருக்கும் இடத்தை வானொலியில் மற்றவற்றுக்குச் சொல்லிக் கூட்டம் சேர்க்கும். இருட்டியதும் நீருக்கு மேலேயே ஓடிவந்து தாக்கும். காவல் கப்பல்களிடம் இருந்த ஆஸ்டிக் என்ற ஒலிக்கருவி நீருக்கு அடியில் இருப்பதைத்தான் காட்டும், மேலே வருவதைக் காட்டாது. 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 கான்வாயின் 35 கப்பல்களில் 20 மூழ்கியது இப்படித்தான். ஓட்டோ கிரெட்ச்மர் என்ற ஜெர்மன் கேப்டன் தன் யூ-99-ஐக் கப்பல் வரிசைகளுக்கு நடுவிலேயே கொண்டுபோய்ச் சுட்டார்.

இந்த இரவுத் தாக்குதலைத் திட்டமிட்ட ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸ், முதல் உலகப் போரில் தானே நீர்மூழ்கி கேப்டனாக இருந்தவர். 1918 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ஒரு கான்வாயைத் தாக்கப் போய்த்தான் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். கான்வாயின் பலம் என்ன என்பதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர்.

விளக்கில்லாமல், ரேடார் இல்லாமல் நாற்பது கப்பல் முட்டிக்கொள்ளாமல் எப்படிப் போயின?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஈரோடு)

ரயில்காரர் கேட்கும் கேள்வி! சில சமயம் முட்டிக்கொள்ளத்தான் செய்தன.

அமைப்பு இப்படி. நாற்பத்தைந்து கப்பல் என்றால் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஐந்து. வரிசைக்கும் வரிசைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முன் கப்பலுக்கும் பின் கப்பலுக்கும் 400 முதல் 800 கஜம். நீளத்தைவிட அகலம் அதிகமாக இருக்கும். பக்கவாட்டில் நின்று சுடும் நீர்மூழ்கிக்குக் குறி கொஞ்சமாகத் தெரியட்டும் என்றுதான். எண்ணெய்க் கப்பலும் வெடிமருந்துக் கப்பலும் நடுவில். முன்னால் ஒரு கப்பலில் கமடோர், அதாவது சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் தலைவர், இருப்பார். பலரும் ஓய்வுபெற்ற அட்மிரல்கள், அறுபது தாண்டியவர்கள், பதவியில் இறங்கி வந்து இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். பகலில் கொடி. இரவில் முன் கப்பலின் பின்பக்கத்தில் மறைத்து வைத்த மங்கிய நீல விளக்கு. அதைப் பார்த்துக்கொண்டேதான் பின்னால் வரவேண்டும். பனிமூட்டத்தில் அதுவும் தெரியாது. அப்போது ஒவ்வொரு கப்பலும் நீண்ட கயிற்றில் ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு போகும். அது தண்ணீரை வாரி மேலே பீய்ச்சும். பின்னால் வருபவர் அந்த நீர்ப்பீய்ச்சலை மூக்குக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு ஓட்டவேண்டும்.

மேலே நிற்பவர்களைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நான் கீழே நிற்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே அளவு, ஒரே வயது இன்ஜின் கொண்ட இரண்டு கப்பல் அந்தக் கூட்டத்தில் இருக்காது. ஏழு நாட் என்றால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 52 சுற்று, இன்னொன்றுக்கு 60. மேலேயிருந்து பேச்சுக்குழாயில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: இரண்டு சுற்று கூட்டு, மூன்று குறை, மறுபடி ஒன்று கூட்டு. நான்கு மணி நேர வாட்ச் (வேலை முறை) முழுக்க இன்ஜினியரின் கை, நீராவியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் வால்வை விட்டு நகராது. நீராவி இன்ஜின் அப்படிச் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்காது. சுற்றைக் குறைத்தால் கொதிகலனில் அழுத்தம் ஏறும், சேஃப்டி வால்வு அலறும். கூட்டினால் அழுத்தம் இறங்கும், நிலக்கரியை அள்ளிப்போடவேண்டும், போட்டால் புகை வரும். புகை முப்பது மைலுக்குத் தெரியும், உடனே கமடோரிடமிருந்து திட்டு வரும். ஒவ்வொரு வாட்சிலும் அடுப்புகளில் ஒன்றிரண்டைச் சுத்தம் செய்து கசடை வாரியாகவேண்டும். அந்த நேரம் அழுத்தம் கட்டாயம் இறங்கும். மட்டமான நிலக்கரி வாய்த்த கப்பல் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிப் போகும். பின்தங்கிய கப்பலுக்காகக் கான்வாய் நிற்காது. யூ-போட்களுக்குச் சுலபமாக அகப்பட்டவை அப்படித் தனித்துப் போன கப்பல்கள்தான். நல்ல நிலக்கரியும், அதை அடுப்பில் அள்ளிப்போடும் நல்ல பயர்மேன்களும் பீரங்கிக்குச் சமமான பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டார்ப்பிடோ பட்டால் கீழே இருப்பவனுக்கு வழி குறைவு. நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கிறான், மேலே போக இரும்பு ஏணிகள், விளக்கு அணைந்துவிடும், சுற்றிலும் நீராவிக் குழாய்கள். இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒரு நிமிடத்தில் போய்விடும். மரம் ஏற்றியது மணிக்கணக்கில் மிதக்கும். எந்தச் சரக்குக் கப்பலில் வேலை கிடைக்கிறது என்பதிலேயே ஒருவன் ஆயுள் இருந்தது.

நான் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது எங்களோடு சிட்டகாங்கைச் சேர்ந்த வயதான டாங்கிமேன் (இன்ஜின் அறையின் மூத்த தொழிலாளி) ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில் பயர்மேனாக இருந்தவர். ஒவ்வொரு வாட்ச் ஆரம்பத்திலும், பிரஷர் கேஜைப் பார்ப்பதற்கு முன்னால், பின்பக்கம் போய் ஷாஃப்ட் டன்னலின் (புரொப்பெல்லர் தண்டு ஓடும் சுரங்க வழி) அவசர வழிக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். கீலில் துரு இருந்தால் கிரீஸ் தடவுவார். அதைச் செய்யச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரைப் பார்த்து நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எனக்குக் கீழே வேலை செய்த ஒவ்வொரு பையனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றக் கப்பல் நிற்குமா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

கூடாது என்பதுதான் உத்தரவு, அம்மா. நின்ற கப்பல் அடுத்த குறி. முதலில் வரிசையின் கடைசிக் கப்பல் மீட்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதையே நம்பியிருக்க முடியவில்லை. 1941 முதல் மீட்புக்கென்றே தனிக் கப்பல்கள் வந்தன. கரையோரப் பயணிகள் கப்பலாக இருந்த சின்னச் சின்னக் கப்பல்கள், உள்ளே டாக்டரும் ஆபரேஷன் அறையும் உண்டு. போர் முடிவதற்குள் அவை 4,000-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிக் காப்பாற்றின.

ஆனால் உங்கள் கேள்விக்கு மிகக் கொடுமையான பதில் நம் பக்கத்துக் கடலில் கிடைக்கிறது. 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு ஐந்து துருப்புக் கப்பல்கள் கான்வாயாக வந்துகொண்டிருந்தன. 12-ஆம் தேதி பிற்பகல், மாலத்தீவுக் கடலில், ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி கெதீவ் இஸ்மாயில் என்ற கப்பலைச் சுட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மூழ்கிவிட்டது. உள்ளே 1,500 பேர். கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர், பிரிட்டிஷ் மாலுமிகள், கொழும்புக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த செவிலியர்கள். சில நூறு பேர்தான் தண்ணீருக்கு மேலே வந்தார்கள். அவர்கள் மிதந்துகொண்டிருந்த இடத்துக்குக் கீழேயே நீர்மூழ்கி பதுங்கிக்கொண்டது.

பெட்டார்ட், பாலடின் என்று இரண்டு டெஸ்ட்ராயர்கள். நீர்மூழ்கியை விட்டுவிட்டால் மற்ற நான்கு துருப்புக் கப்பல்களும் மூழ்கடிக்கப்படலாம். வெடி போட்டால் மிதப்பவர்கள் சாவார்கள். வெடி போட்டார்கள். இறந்தவர்கள் மொத்தம் 1,297 பேர். நீர்மூழ்கி மேலே வந்தது, நீண்ட சண்டைக்குப் பிறகு பெட்டார்ட் அதை டார்ப்பிடோவால் அழித்தது. அந்த உத்தரவைக் கொடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிதந்துகொண்டிருந்தவர்களின் இடத்திலிருந்து நினைத்தால் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஜெர்மன் சங்கேதத்தை உடைத்ததால்தான் அட்லாண்டிக்கில் வென்றார்கள் என்கிறார்களே?
(வங்கி அதிகாரி, சென்னை)

அதுவும் ஒரு காரணம். முன் பதிலில் வந்த அதே பெட்டார்டுக்கு இதிலும் பங்கு உண்டு. 1942 அக்டோபர் 30 இரவு, எகிப்துக்கு அருகே யூ-559 என்ற நீர்மூழ்கியை அது அடித்து மேலே வரவைத்தது. மூழ்கிக்கொண்டிருந்த அந்த நீர்மூழ்கிக்குள் டோனி ஃபாசன், கோலின் கிரேசியர் என்ற இருவர் இறங்கி, சங்கேதப் புத்தகங்களை எடுத்து மேலே நீட்டினார்கள். வாங்கிக் கொடுத்தவன் டாமி பிரவுன், கப்பல் கேன்டீனில் வேலை செய்த பதினாறு வயதுப் பையன். அவன் தப்பினான், உள்ளே இருந்த இருவரும் நீர்மூழ்கியோடு போனார்கள். ஏறத்தாழ பத்து மாதமாகப் படிக்க முடியாமலிருந்த யூ-போட் செய்திகளை அந்த டிசம்பரில் பிளெட்ச்லி பார்க் என்ற பிரிட்டிஷ் சங்கேத உடைப்பு மையம் மறுபடி படிக்கத் தொடங்கியது அந்தப் புத்தகங்களால்தான்.

ஆனால் அதே காலத்தில் ஜெர்மானியரும் பிரிட்டிஷ் கான்வாய்ச் சங்கேதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1943 மார்ச்சில் எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்ற இரண்டு கான்வாய்களிலிருந்து 22 கப்பல் போயின. இரண்டே மாதத்தில் நிலைமை தலைகீழ். மே மாதம் மட்டும் 41 யூ-போட்கள் அழிந்தன. 24-ஆம் தேதி டோனிட்ஸ் அட்லாண்டிக்கின் கான்வாய்ப் பாதையிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டார். இருட்டிலும் மேலே மிதப்பதைக் காட்டும் புது ரேடார், நடுக்கடல் வரை பறந்துபோன லிபரேட்டர் விமானங்கள், காவல் குழுக்களின் பயிற்சி எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தன. எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் விமானம் என்பேன். தலைக்கு மேல் விமானம் இருந்தால் யூ-போட் மூழ்கியே இருக்கவேண்டும், மூழ்கினால் கான்வாயைப் பிடிக்க அதற்கு வேகம் கிடையாது.

இப்போதும் கான்வாய் உண்டா?
(மரைன் இன்ஜினியரிங் மாணவர், கன்னியாகுமரி)

சோமாலியக் கடற்கொள்ளையர் காலத்தில் ஏடன் வளைகுடாவில் அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இருந்தது. 10, 12, 14, 16, 18 நாட் என்று வேகவாரியாகக் கப்பல்களைப் பிரித்து, நேரம் குறித்துக் கூட்டமாக அனுப்பினார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். பன்னிரண்டு நாட் குழுவில் இடம் விடாமல் பிடிக்கவேண்டும் என்று மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. படிக்கிற காலத்திலேயே, இன்ஜினின் சுற்றைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவியைப் பற்றி நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தாவின் அண்ணன் பிரிட்டிஷ் கப்பலில் பயர்மேனாகப் போய் 1942-இல் இறந்ததாக வீட்டில் சொல்வார்கள். எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அவர் பெயர் எங்காவது இருக்குமா?
(ஆசிரியை, நாகப்பட்டினம்)

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அம்மா.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்து மாலுமி. லஸ்கர் என்பார்கள். இன்ஜின் அறையில் சில்ஹெட், சிட்டகாங் பக்கத்தவர்களும், சமையலிலும் பரிமாறலிலும் கோவாக்காரர்களும் அதிகம். நம் பக்கத்தவர் குறைவு. வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939 கடைசியில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், பலரைச் சிறையில் போட்டார்கள். போரில் இறந்த இந்திய மாலுமிகள் 6,000-க்கும் மேல்.

சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலைப் பற்றி எழுதும்போது, அதில் கனடாவுக்குப் போன பிரிட்டிஷ் குழந்தைகள் 90 பேரில் 77 பேர் இறந்ததைச் சொல்வார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு நடந்தது. சொல்லவேண்டியதுதான். அதே இரவில் இந்திய மாலுமிகளும் நூறு பேரளவில் போனார்கள். எட்டு நாள் கடலில் அலைந்து தப்பிய ஒரு படகில் இருந்த 46 பேரில் பெரும்பாலோர் நம்மவர்கள். இதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி உங்கள் காரியம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதி இருக்கிறது, கட்டணம் இல்லை. இந்தியக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பம்பாய் 1939-1945 போர் நினைவகம், சிட்டகாங் 1939-1945 போர் நினைவகம் என்ற இரண்டு தலைப்புகளில் உள்ளன. பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள், தமிழ்ப் பெயர் ஆறு விதமாக மாறியிருக்கும். இனிஷியல் இருக்காது. முதலில் நினைவகத்தைத் தேர்ந்தெடுத்து, 1942 என்று ஆண்டைப் போட்டு, வணிகக் கப்பற்படை என்ற பிரிவைக் குறித்துவிட்டு, வரும் பட்டியலைப் பொறுமையாக வாசியுங்கள். பதவியும் கப்பல் பெயரும் பக்கத்திலேயே இருக்கும், சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூட. கப்பல் பெயர் தெரிந்துவிட்டால் அது எந்தக் கான்வாயில் போனது, எங்கே மூழ்கியது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், மீதியை நான் தேடித் தருகிறேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது அவருடைய முழுப்பெயரையும், எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார் என்பதையும் சொன்னால் இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.